பஞ்சம் முடிந்த பிறகு: அயர்லாந்தின் நூறாண்டுச் சரிவு

(இவ்வாண்டின் அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரையின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



மக்கள்தொகை என்றதும் நமக்குப் பெருக்கம்தான் நினைவுக்கு வருகிறது. நம் பாடநூல்களும் திட்ட அறிக்கைகளும் இரண்டு தலைமுறையாக அதைப் பற்றியே பேசிவந்திருக்கின்றன. மக்களை இழந்த ஒரு நாட்டுக்கு நீண்ட காலத்தில் என்ன நேர்கிறது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நாடு அயர்லாந்து. 1841 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவில் வாழ்ந்தவர்கள் 81 லட்சத்து 75 ஆயிரம் பேர். 2021, 2022 கணக்கெடுப்புகளில் வடக்கையும் தெற்கையும் சேர்த்தால் சுமார் 70 லட்சம் பேர். இதே காலத்தில் இங்கிலாந்தும் வேல்சும் 1 கோடியே 59 லட்சத்திலிருந்து 6 கோடியை நெருங்கிவிட்டன. நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த எண்ணிக்கையை இன்னும் எட்டாத நாடு ஐரோப்பாவில் இதைப்போல் வேறொன்றைக் காண்பது அரிது.

பஞ்சத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1845 செப்டம்பரில் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் தோன்றியது. மறு ஆண்டு விளைச்சல் நாடு முழுவதும் அழிந்தது. நிலமற்ற கூலிகளும் துண்டுநிலக் குத்தகைக்காரர்களுமாகச் சுமார் 30 லட்சம் பேர் ஏறக்குறைய அந்த ஒரே பயிரை நம்பியிருந்தார்கள். உழைக்கும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிலோவுக்கும் மேல் கிழங்கு உண்ட சமூகம் அது. 1852க்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் தொற்றுக் காய்ச்சலாலும் இறந்தார்கள். 1855க்குள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

நான் பேச வந்தது அதற்குப் பிறகான கதையை. நோய் தணிந்தது, விளைச்சல் திரும்பியது, அந்த அளவிலான பஞ்சம் மீண்டும் வரவே இல்லை. ஆனால் மக்கள்தொகை இறங்கிக்கொண்டே போனது. 1851இல் 65 லட்சத்து 50 ஆயிரம்; 1881இல் 51 லட்சத்து 75 ஆயிரம்; 1911இல் 43 லட்சத்து 90 ஆயிரம். பின்னாளில் சுதந்திர நாடான 26 மாவட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 1841இல் 65 லட்சமாக இருந்த எண்ணிக்கை 1961இல் 28 லட்சத்து 18 ஆயிரமாகத் தாழ்ந்தது. பஞ்சம் ஏழாண்டு நீடித்தது. சரிவு நூறாண்டுக்கும் மேல் நீடித்தது.

பஞ்சம் வந்த நாடெல்லாம் இப்படி ஆவதில்லை. 1866–68 பஞ்சத்தில் பின்லாந்து தன் மக்களில் சுமார் 8 சதவீதத்தினரை இழந்தது; பத்தாண்டுக்குள் பழைய எண்ணிக்கையைக் கடந்துவிட்டது. நம் தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்கள். 1871இல் சென்னை மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் 3 கோடியே 8 லட்சம் பேர். பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டில் எண்ணிக்கை குறைந்தது என்றால் சாவின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் 1891இல் அது 3 கோடியே 56 லட்சமாகிவிட்டது. அதே பேரரசின் ஆட்சி, நிவாரணத்தில் அதே சிக்கனக் கண்ணோட்டம், அதே போன்ற கொடிய சாவு. இங்கே ஒரு தலைமுறைக்குள் ஊர்கள் மீண்டும் நிரம்பின, அங்கே நிரம்பவில்லை. ஏன்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேரிழப்பு மக்கள்தொகையை ஒருமுறை குறைக்கிறது. பிழைத்தவர்கள் அதற்குப் பின் நிலத்தையும் திருமணத்தையும் பயணத்தையும் எப்படி ஒழுங்கு செய்துகொள்கிறார்கள் என்பதே அந்தக் குறைவை நிலைக்கச் செய்கிறது. அயர்லாந்தில் அந்த ஒழுங்கு பேரழிவைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. இதை ஏழு குறிப்புகளாக விளக்குகிறேன்.

1. போனவர்கள் யார்?

இழப்பு எல்லோர்மீதும் சமமாக விழவில்லை. 1841இல் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைகளில், 1 முதல் 5 ஏக்கர் வரை கொண்டவை சுமார் 45 சதவீதம். பத்தே ஆண்டில் அது 15 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 30 ஏக்கருக்கு மேற்பட்டவை 7 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாயின. ஒற்றை அறை மண்குடிசைகள் சுமார் 4,90,000 இருந்தன. 1851இல் எஞ்சியவை 1,36,000. ஒரு வர்க்கமே துடைத்தெடுக்கப்பட்டது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

நோய்க்குப் பணக்காரர், ஏழை தெரியாது; சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. 1847 கோடையில் அரசு திறந்த கஞ்சித்தொட்டிகள் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. பசியைத் தடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் சில மாதங்களில் அவை மூடப்பட்டன; பாரம் முழுவதும் உள்ளூர் வரிப்பணத்தின்மீதும் ஏழையர் இல்லங்களின்மீதும் சுமத்தப்பட்டது. அதே ஆண்டின் சட்டத்தில் வில்லியம் கிரகரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. தொடக்கத்தில் இந்தத் தடை குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்தியது. பிள்ளைக்குச் சோறு வேண்டுமானால் தகப்பன் குத்தகையை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இன்னொரு விதி, நான்கு பவுண்டு அல்லது அதற்குக் குறைந்த மதிப்புள்ள நிலங்களுக்கான வரியை நிலக்கிழாரே கட்ட வேண்டும் என்றது. சிறு குத்தகைக்காரரை வைத்திருப்பது அவர்களுக்கு நட்டமாயிற்று. வெளியேற்றினார்கள், கூரையைப் பிரித்தார்கள். காவல்துறைக் கணக்கின்படியே 1849 முதல் 1854 வரை சுமார் இரண்டரை லட்சம் பேர் நிலத்தைவிட்டு நிரந்தரமாகத் துரத்தப்பட்டார்கள்.

இந்தக் கிரகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். நுவரெலியாவில் உள்ள கிரகரி ஏரி அவர் பெயரைத் தாங்குகிறது. கருவூலத்தில் அமர்ந்து அயர்லாந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் சென்னை ஆளுநராக வந்தார். தொலைதூரத் தீவின் கதை என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது.

2. நிலம் மனிதரைவிட்டு மாட்டுக்குப் போனது

காலியான துண்டுகளை ஒன்றுசேர்த்தபோது அவற்றில் பெரும்பகுதி மீண்டும் உழப்படவில்லை. 1846இல் தானிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நீக்கப்பட்டதால் அயர்லாந்துத் தானியத்துக்குப் பிரிட்டிஷ் சந்தையில் இருந்த பாதுகாப்பு போயிற்று. மாறாக, பிரிட்டனின் ஆலை நகரங்களில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் கிராக்கி ஏறியது. ரயிலும் நீராவிக் கப்பலும் உயிருள்ள மாட்டை மறுநாளே லிவர்பூலில் கொண்டுபோய் இறக்கின. பல குடும்பங்கள் கிழங்கு பயிரிட்டுப் பிழைத்த இடத்தில் ஒரு மேய்ப்பரும் நாயும் போதும் என்றாயிற்று.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிழைத்தவர்களின் வாழ்க்கை மேம்பட்டது. கூலி உயர்ந்தது, வீடுகள் நன்றாயின, தட்டில் கிழங்கோடு ரொட்டியும் தேநீரும் சேர்ந்தன. ஆள்வீத வருமானத்தைப் பார்த்தால் பஞ்சத்துக்குப் பிந்தைய அயர்லாந்து வளர்ந்த நாடுதான். சரிவு ஏன் நிலைத்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. குறைந்த மக்களோடு வாழ்வது முப்பது ஏக்கர்க் குடும்பத்துக்கு அனுகூலமாக இருந்தது. பழைய நெருக்கத்துக்குத் திரும்ப அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

1879இல் மைக்கேல் டேவிட் குத்தகைக்காரர்களின் உரிமைக்கான நில இயக்கத்தைத் தொடங்கினார். மேயோ மாவட்டத்திலிருந்து பஞ்ச காலத்துச் சிறுவனாகக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவர் அவர். லங்காஷயர் பஞ்சாலையில் பதினோரு வயதில் ஒரு கையை இழந்தவர். அந்தப் போராட்டத்தின் முடிவில், குறிப்பாக 1903 சட்டத்தின் வழியே, குத்தகைக்காரர்கள் நிலத்தின் சொந்தக்காரர்களானார்கள். அது மாபெரும் நீதி. ஆனால் பட்டா கிடைத்தது, பஞ்சத்தில் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்களின் வாரிசுகளுக்கு. நிலமற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கல்லறையிலோ பாஸ்டனிலோ இருந்தார்கள்.

3. திருமணம் தள்ளிப்போன வீடுகள்

பஞ்சத்துக்கு முன்பு ஏழை விவசாயி தன் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஓர் ஏக்கர் கிழங்கு ஒரு குடும்பத்தைக் காத்தது, இளமையிலேயே மணந்துகொண்டார்கள். பஞ்சம் கற்றுத்தந்த பாடமாக எல்லோர் மனத்திலும் ஒன்று பதிந்தது: நிலத்தைத் துண்டாக்காதே. அதுமுதல் ஒரு மகனுக்கு முழு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம். மருமகள் கொண்டுவரும் சீதனமே பெரும்பாலும் நாத்தனாரின் சீதனமாக அடுத்த வீட்டுக்குப் போகும். மற்ற பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது; பயணச்சீட்டு உண்டு.

நிலம் பெறும் மகனும் காத்திருக்க வேண்டும். 1930களில் கிளேர் மாவட்டத்தில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆரன்ஸ்பர்க்கும் கிம்பாலும் இதை நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டினாலும் தகப்பன் நிலத்தை எழுதிவைக்கும்வரை ஊரார் கண்ணுக்கு அவர் பையன்தான். மகனுக்குத் திருமணம் முடிவான பிறகே பெற்றோர் வீட்டின் மேற்கு அறைக்கு ஒதுங்குவார்கள். அவர்களுக்கு எவ்வளவு கிழங்கு, எந்த மாட்டின் பால் என்பதுகூட ஒப்பந்தத்தில் எழுதப்படும். தாய்க்கு அடுப்படியை விட்டுக்கொடுக்க மனம் வராத வீட்டில் மகனின் திருமணமும் நடப்பதில்லை.

விளைவைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 1911இல் 45 முதல் 54 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மணமாகாதவர். ஆண், பெண் இருபாலரிலும் இதே நிலை. மக்கள்தொகை படிக்கும் மாணவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: மணமானவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் பெரிதாகக் குறையவில்லை. ஐரோப்பாவின் பெரிய குடும்பங்கள் அயர்லாந்தில்தான் இருந்தன. பிறப்பு அதிகம் குறையாத வீடுகளைக் கொண்டே ஒரு நாடு தலைமுறை தலைமுறையாகச் சுருங்க முடியும் என்று அந்த நாடு காட்டியது.

4. வெளியேறுவது வாழ்க்கை முறையானது

பங்கில்லாத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்கு 1890ஆம் ஆண்டின் நிலை விடை தரும். அயர்லாந்தில் பிறந்து உயிரோடிருந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் அப்போது வேறு நாட்டில் வாழ்ந்தார்கள். முதலில் போன அக்காள் நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ வீட்டுவேலை செய்து அடுத்த தங்கையின் பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்பினாள். அந்தத் தங்கை அதற்கடுத்தவளுக்கு அனுப்பினாள். பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஆண்களே மிகுதியாகப் போனார்கள்; அயர்லாந்திலிருந்து பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் போனார்கள். ஊரில் குடும்பம் உருவாக வேண்டிய இளம் வயதினரே இருபாலரிலும் இல்லாமல் போனார்கள்.

நம் நாட்டிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளில் திரும்பினார்கள். அட்லாண்டிக்கைக் கடந்த ஐரிஷ்காரர்களில் திரும்பியவர்கள் மிகச் சிலர். இது அவர்களுக்கே தெரிந்திருந்தது. இறந்தவருக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கத்தை, புறப்படும் பிள்ளைக்காகவும் வீட்டில் அனுசரித்தார்கள். உறவினர் கூடி, பாடி, ஆடி, விடியலில் அழுது வழியனுப்பினார்கள்.

தங்கியிருந்தால் வேலை கேட்டும் நிலம் கேட்டும் கொந்தளித்திருக்கக்கூடிய தலைமுறை ஒவ்வொன்றும் கப்பலில் கரைந்தது. உள்நாட்டுச் சந்தை சுருங்கியது. தொழில் தொடங்குபவருக்கு வாங்க ஆளில்லை. வேலை இல்லாததால் மேலும் பலர் போனார்கள். 1922இல் சொந்த அரசு வந்த பின்னும் இந்தச் சுழல் நிற்கவில்லை. 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆட்சி மாறினால் சரிவு நின்றுவிடும் என்று நம்பி உயிர்கொடுத்த ஒரு தலைமுறைக்கு இது பெரும் துயரம்.

5. மொழியின் இழப்பு

பஞ்சத்துக்கு முன் ஐரிஷ் மொழி பேசியவர்கள் 30 லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்கள் மேற்கிலும் தென்மேற்கிலும் செறிந்திருந்த ஏழைகள். பசி கடுமையாகத் தாக்கியதும் அவர்களைத்தான். மொழியைப் பற்றி முதன்முதலில் கேட்ட 1851 கணக்கெடுப்பில் 15 லட்சத்து 24 ஆயிரம் பேர் பதிவானார்கள். 1911இல் 5 லட்சத்து 82 ஆயிரம். இரண்டாவது வீழ்ச்சிதான் என் வாதத்துக்கு முக்கியமானது. அது நிகழ்ந்தபோது பஞ்சம் இல்லை. பிள்ளை எப்படியும் போகப்போகிறது, போகும் ஊரில் ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, பள்ளியில் அதை எண்ணி அடித்த வழக்கம் இருந்தது. பெற்றோரே அதற்கு உடன்பட்டார்கள். தாய்மொழியை வெறுத்தவர்கள் இல்லை அவர்கள். பிள்ளையின் வயிற்றை நினைத்தவர்கள். தாய்மொழியை உயிரென நினைக்கும் நாம் அவர்களைத் தீர்ப்பிடும் முன் அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1893இல் டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் மொழி மீட்பு இயக்கம் தொடங்கினார்கள். சுதந்திர அரசு பள்ளிகளில் ஐரிஷைக் கட்டாயமாக்கியது. 2022 கணக்கெடுப்பில் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். கல்விக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர். மொழியைப் பாடமாகக் கற்பிக்க அரசால் முடிந்தது. அதைப் பேசி வாழ்ந்த ஊர்களைத் திரும்ப உருவாக்க முடியவில்லை.

6. அரசியலும் எல்லையும்

1841இல் ஐக்கிய ராஜ்ஜியத்தின் மக்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அயர்லாந்தில் இருந்தார்கள். நாடாளுமன்றத்தின் 658 இடங்களில் அதற்கு 105. 1911இல் அதன் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் 670 இடங்களில் 103 அதனிடமே இருந்தன. மக்கள் குறைந்த அளவுக்கு இடங்கள் குறையவில்லை. 1885லும் 1910லும் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாதபோது ஐரிஷ் உறுப்பினர்கள் அரசைத் தீர்மானித்தார்கள். தன்னாட்சி மசோதாக்கள் அவையேறியதன் பின்னணி இது. கடல் கடந்து போனவர்களும் அரசியலைவிட்டுப் போகவில்லை. 1858இல் நியூயார்க்கில் அயர்லாந்தின் விடுதலைக்கான ஃபீனியன் அமைப்பு உருவானது; நில இயக்கத்துக்கு அமெரிக்கப் பணம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைய வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் 1841இல் தீவின் மக்களில் 20 சதவீதம். 1911இல் 28 சதவீதத்துக்கும் மேல். லினன் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் கொண்ட பெல்ஃபாஸ்ட் 70 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 87 ஆயிரமாக வளர்ந்தது. மதமும் வரலாறும் வகுத்த பிளவு பழையது. 1921இல் எல்லை கிழிக்கப்பட்டபோது அதன் இரு பக்கமும் இருந்த எடை, எழுபதாண்டுச் சரிவில் மாறிப்போயிருந்தது.

7. மீட்சி எங்கே வந்தது?

1958இல் நிதித்துறைச் செயலாளர் டி. கே. விட்டேக்கர் பொருளாதார வளர்ச்சி பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். நாடு வெளி முதலீட்டுக்குத் திறந்தது. 1966இல் இலவச உயர்நிலைக் கல்வி அறிவிக்கப்பட்டது. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது. நிலத்தை நம்பாமல் வாழ வழி பிறந்தபோது, நிலத்தைச் சுற்றிக் கட்டிய பழைய ஒழுங்கு தளர்ந்தது. 2022இல் 26 மாவட்டங்களைக் கொண்ட அந்நாட்டின் மக்கள்தொகை 51 லட்சத்து 49 ஆயிரம். 1851க்குப் பிறகு முதன்முறையாக 50 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் போன இடத்துக்கு மக்கள் திரும்பவில்லை. டப்ளின் மாவட்டத்தில் 1841இல் 3 லட்சத்து 73 ஆயிரம் பேர். 2022இல் 14 லட்சத்து 58 ஆயிரம். லெய்ட்ரிம் மாவட்டத்தில் 1841இல் 1 லட்சத்து 55 ஆயிரம் பேர். 1996இல் 25 ஆயிரம். 2022இல் 35 ஆயிரம். நாட்டில் 2022இல் வாழ்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். மக்களை அனுப்பிய நாடு மக்களை வரவேற்கும் நாடாகியிருப்பது நம்பிக்கை தரும் மாற்றம். அதே வேளையில், 1980களிலும் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகும் வேலை போனதும் இளைஞர்கள் உடனே வெளியேறினார்கள். கஷ்டம் வந்தால் கப்பலேறு என்ற பழக்கம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

முடிவாக

இந்த ஏழு குறிப்புகளிலிருந்தும் நான் சொல்ல விரும்புவது இரண்டு. முதலாவது, ஆய்வு மாணவர்களுக்கு. மக்கள்தொகைச் சரிவைப் படிக்கும்போது எத்தனை பேர் என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். போனவர்கள் யார், அவர்கள் விட்டுச்சென்றது யார் கைக்கு வந்தது, அதை இழக்காதிருக்க அந்தக் கைகள் என்ன ஏற்பாடு செய்துகொண்டன என்று கேளுங்கள். ஒரு நாட்டின் அடுத்த நூறாண்டு அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது, நிவாரணத்தை வகுப்பவர்களுக்கு. இயற்கை கொண்டுவந்த நோயை 1845இல் எவராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் கால் ஏக்கர் விதியை மனிதர்கள் எழுதினார்கள்; எழுதாமலும் இருந்திருக்கலாம். உணவுக்காக நிலத்தைக் கைவிட்டவருக்கு, நல்ல மழை பெய்த ஆண்டிலும் திரும்பிவர இடமில்லை. போராலும் வறட்சியாலும் வெள்ளத்தாலும் இன்று ஊரை இழக்கும் மக்களுக்கு உதவி வகுக்கும் ஒவ்வோர் அரசும், அந்த உதவியைப் பெறுபவர் எதையும் நிரந்தரமாகக் கைவிட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலமோ, வீடோ, பள்ளியோ, குடும்ப அட்டையோ, திரும்பிவருவதற்கான பிடிமானம் ஒன்று அவர்களிடம் எஞ்சியிருக்க வேண்டும். அது எஞ்சினால் இழப்பு ஒரு தலைமுறையோடு முடியும் என்பதே நான் படித்த வரலாறு எனக்குத் தந்த உறுதி.